சாமுண்டேஸ்வரி தந்த 257

மைசூரில் தேர்தல் பேச்சு வந்தால் எங்கள் வயதுக்காரர்களின் நினைவு 2013-இல் நிற்காது. சித்தராமையா கர்நாடக முதலமைச்சரான ஆண்டு அது. மே 13 அன்று ஊர் முழுக்க வெடிச் சத்தம். ஆனாலும் பேச்சு சுற்றிச் சுற்றி 2006 டிசம்பரில்தான் வந்து சேரும். சாமுண்டேஸ்வரி தொகுதி இடைத்தேர்தல். ஆளும் கூட்டணி முழுவதும் எதிரே திரண்டிருக்க, அவர் 257 வாக்கு வித்தியாசத்தில் கரையேறிய தேர்தல். அந்த 257 இல்லாவிட்டால் அவருடைய அரசியல் அன்றோடு முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். முடியவிடாமல் செய்தவர்களில் ஒருவர் எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். முடித்துவிட வேண்டும் என்று வாக்களித்தவரும் அதே அச்சகத்தில்தான், பத்தடி தள்ளி, மெஷின் ஓட்டினார்.

எங்கள் அச்சகம் லஷ்கர் மொஹல்லாவில் ஒரு சந்தில் இருந்தது. தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா டிரெடில் மெஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தொழிலைத் தொடங்கினார். என் காலத்தில் மினி ஆஃப்செட் வந்தது. கன்னட எழுத்துக்கு 'நுடி' மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கினோம். தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ், வாக்காளர் சீட்டு, ஸ்டிக்கர் என்று ராத்திரி பகல் வேலை இருக்கும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அடித்துக் கொடுப்போம். ஆனால் யாருக்காக, எத்தனை பிரதி என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழித் தாள் இல்லாமல் ஒரு நோட்டீஸ்கூட மெஷினில் ஏறாது. அடியில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அப்பா அதில் கறார். நானும் அப்படியே இருந்தேன்.

அப்பாவுக்கு சித்தராமையாவை 1983-லிருந்தே தெரியும். தெரியும் என்றால், பெயரளவில். மைசூர் தாலுகா போர்டில் உறுப்பினராக இருந்த ஒரு வக்கீல், லோக் தளம் சார்பில் சாமுண்டேஸ்வரியில் நின்று ஜெயித்துவிட்டார். பத்து வயது வரை பள்ளிக்கூடமே போகாமல் வீர மக்கள குணித என்ற கிராமிய ஆட்டம் கற்றுக்கொண்டிருந்த பையன், பிறகு பி.எஸ்ஸி., அதன் பிறகு சட்டம் என்று படித்து மேலே வந்தவர். முதல்வர் ஹெக்டேயின் ஆட்சியில் கன்னடக் காவல் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவர் ஆனார். தமிழ்க் குடும்பமான எங்களுக்கு அந்தப் பெயரே கொஞ்சம் கலக்கம் தந்தது. கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் போராட்டத்தின் சூடு அப்போது தணிந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவின் வேலை அரசு அலுவலகங்களில் கன்னடம் ஒழுங்காகப் புழங்குகிறதா என்று பார்ப்பதுதான். "இந்த ஊர்க்காரன் எழுதற மனு இந்த ஊர்ப் பாஷைல இருக்கணும்னு கேக்கறான், இதுல என்ன தப்பு?" என்று அப்பாவே ஒருநாள் சொன்னார். கன்னடப் படிவங்கள் அச்சடிக்கும் வேலை எங்களுக்கும் கொஞ்சம் வந்தது.

1985-இல் மறுபடி ஜெயித்து அமைச்சரானார். 1989-இல் காங்கிரஸின் ராஜசேகர மூர்த்தியிடம் தோற்றார். 1991-இல் வடக்கே கொப்பளுக்குப் போய் மக்களவைக்கு நின்று அங்கேயும் தோல்வி. 1994-இல் சாமுண்டேஸ்வரி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தேவகவுடா அமைச்சரவையில் நிதி அமைச்சர். நூறு ஆடு எண்ணத் தெரியாதவர் பட்ஜெட் போடப் போகிறாரா என்று அப்போது எழுதினார்கள் என்பதை அவரே மேடைகளில் சொல்வதுண்டு. குருபர், அதாவது ஆடு மேய்க்கும் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்கான குத்தல் அது. பிறகு ஜே.எச். படேல் ஆட்சியில் துணை முதல்வர். 1999-இல் ஜனதா தளம் உடைந்தபோது தேவகவுடா பக்கம் நின்றார். அந்தத் தேர்தலில் மறுபடி தோல்வி. இந்த ஏற்ற இறக்கங்கள் எல்லாம் எல்லா அரசியல்வாதிக்கும் வருபவைதான். தோற்ற பிறகும் தொகுதியை விட்டுப் போகாமல் சாவு வீடு, கல்யாண வீடு என்று வந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் எங்கள் பைண்டர் அண்ணா அடிக்கடி சொல்வார்.

பைண்டர் ஜெயபுரா பக்கத்துக் கிராமத்துக்காரர், குருபர். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மெஷின் ஓட்டியவர் எலவால பக்கத்து ஒக்கலிகர், தேவகவுடாவின் சமூகத்தவர், இளையவர். இருவரும் பல வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ராகி முத்தை இவர் வீட்டிலிருந்து, குழம்பு அவர் வீட்டிலிருந்து.

2004-இல் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் காங்கிரஸும் தேவகவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. தரம் சிங் முதல்வர். சித்தராமையா துணை முதல்வர். முதல்வர் பதவி கைக்கு எட்டியும் தன் கட்சித் தலைமையே அதைத் தரவிடவில்லை என்ற மனக்குறையை அவர் பின்னாளில் மறைத்ததில்லை. அதற்குப் பிறகுதான் அஹிந்தா மாநாடுகளில் அவர் முன்னால் நிற்கத் தொடங்கினார். சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் மூவரையும் ஒரே பந்தலில் கூட்டுவது. முதல்வர் தேவராஜ் அர்ஸ் 1970-களில் நிலச் சீர்திருத்தத்தாலும் பிற்படுத்தப்பட்டோருக்கான ஹாவனூர் கமிஷனாலும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பார்த்த வீடு அது. அர்ஸும் எங்கள் மாவட்டத்து ஹுன்சூர்க்காரர் என்பதால் மைசூரில் அந்தப் பேச்சு சட்டென்று பற்றிக்கொண்டது. கட்சித் தலைமை பொறுக்கவில்லை. 2005 ஆகஸ்டில் அமைச்சரவையிலிருந்து எடுத்தார்கள். பிறகு கட்சியிலிருந்தும் நீக்கினார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று பைண்டர் அண்ணா வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். பசை தடவிக்கொண்டே, "எங்களுக்குன்னு ஒருத்தன் மேல போனான். ஏணியை எடுத்துட்டாங்க, தம்பி" என்றார். மெஷின் பக்கமிருந்து பதில் வந்தது: "ஏணி யாரு போட்டது? கௌடரு போட்டது." அதுதான் தொடக்கம். அன்றைக்கு இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

2006 பிப்ரவரியில் ஆட்சியே மாறிப்போனது. தேவகவுடாவின் மகன் குமாரசாமி பா.ஜ.க.வோடு சேர்ந்து முதல்வரானார். எடியூரப்பா துணை முதல்வர். சித்தராமையா காங்கிரஸில் சேர்ந்தார். கட்சி மாறியதால் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு, அதே தொகுதியில் மறுபடி மக்களிடம் வந்தார். வேறு தொகுதி பார்த்திருக்கலாம், மேலவைக்குப் போயிருக்கலாம் என்று அப்போது யோசனை சொன்னவர்கள் உண்டு. இருபது வருடத்துக்கும் மேலாகக் காங்கிரஸை எதிர்த்தே அரசியல் செய்தவர், இப்போது கை சின்னத்துக்கு வாக்குக் கேட்கவேண்டும். அதுவும் ஒக்கலிகரும் லிங்காயத்தும் கணிசமாக உள்ள தொகுதியில், அந்த இரண்டு சமூகத் தலைவர்களும் கைகோத்து ஆட்சியில் இருக்கும் நேரத்தில். எதிரே ஜனதா தளம் நிறுத்தியது சிவபசப்பாவை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் சித்தராமையாவுக்கு ஒரு ரூபாய் பந்தயம் கட்டத் துணியவில்லை.

அந்த இடைத்தேர்தலைப் போல ஒன்றை மைசூர் அதற்கு முன் பார்த்ததில்லை. அமைச்சர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். சிவப்பு விளக்குக் கார்கள் எலவால சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். நகர ஹோட்டல்களில் அறை கிடைக்காது. கிராமத்துத் திண்ணைகளில் எந்நேரமும் கூட்டம். எங்கள் அச்சகத்துக்கு இரண்டு பக்கத்து வேலையும் வந்தது. மெஷின்மேன் கை சின்ன நோட்டீஸை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஓட்டுவார். ஆனால் மை ஏற்றத்தில், பதிவில் ஒரு குறை வைக்கமாட்டார். பைண்டர் அண்ணா எதிரணி நோட்டீஸை எண்ணிக் கட்டுக் கட்டும்போது ஒன்றுகூடக் குறைக்கமாட்டார். அந்த ஒழுக்கம் மட்டும் இருவரிடமும் உடையவில்லை. பேச்சுதான் நின்றுபோனது. "அவர்கிட்ட சொல்லுங்க, பேப்பர் வரலன்னு" என்று என் வழியாகவே சேதி போகும்.

பிரச்சாரத்தின் கடைசி நாட்களில் ஒரு மாலை. ஜெயபுரா பக்கத்திலிருந்து ஐந்தாறு இளைஞர்கள் வந்தார்கள். கட்சி ஆட்கள் இல்லை. இரண்டு பேர் தலித் காலனிக்காரர்கள், ஒருவர் முஸ்லிம், மற்றவர்கள் குருபர். கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் ஆளை வெளியே தள்ளினார்கள், நாங்கள் உள்ளே கொண்டுவருவோம் என்ற மாதிரி நான்கே வரி. பணத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் பத்தும் இருபதுமாக. வேட்பாளரின் ஏஜென்ட் கையெழுத்து இல்லாமல் அடிக்க முடியாது என்று சொன்னேன். முகம் வாடிப் போய்விட்டார்கள். பைண்டர் அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினார். இருட்டி வெகுநேரம் கழித்துக் கையெழுத்தோடு திரும்பினார்கள். மெஷின்மேன் வீட்டுக்குப் போக சைக்கிளை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார், அந்தப் பையன்களைப் பார்த்தார், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் மெஷினைப் போட்டார். தன் கட்சிக்கு எதிரான நோட்டீஸை. நான் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை.

அரசியல் ஆய்வாளர்கள் அந்தத் தேர்தலைச் சாதிக் கணக்கின் மோதலாகவே எழுதினார்கள். கணக்கு இருந்தது, உண்மை. ஆனால் அந்தத் துண்டில் முடிந்த பணத்தைப் பார்த்தவன் நான். யாரோ ஒரு தலைவருக்குப் பதவி போன வருத்தம் மட்டும் அதில் இல்லை. தங்களையே வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டதாக அந்தப் பிள்ளைகள் உணர்ந்தார்கள். ஒரு அரசியல்வாதியின் வீழ்ச்சி இன்னொருவரின் சொந்த அவமானமாக மாறும் இடம் எதுவோ, அங்கேதான் திருப்புமுனை உண்டாகிறது என்று எனக்குத் தோன்றியது. தலைவர் பேசிய பேச்சில் அது உண்டாகவில்லை.

விரலில் வைக்கிற அழியாத மை எங்கள் ஊரில்தான் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1962 முதல் நாட்டின் தேர்தல்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் மை போகிறது. வாக்குப்பதிவுக்கு மறுநாள் இரண்டு பேரும் இடது ஆள்காட்டி விரலில் அந்த மையோடு வேலைக்கு வந்தார்கள். ஒருவர் வாக்கு மற்றவர் வாக்கை அழித்துவிட்டது என்று இருவருக்குமே தெரியும்.

எண்ணிக்கை நாளன்று அச்சகத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சுற்றில் இவர் முன்னால், அடுத்த சுற்றில் அவர். நேரம் ஆக ஆக வித்தியாசம் நூறுகளுக்குள் சுருங்கியது. மெஷின் ஓடவில்லை; யாருக்கும் வேலை செய்ய மனமில்லை. 257 என்று கடைசியில் வந்தபோது பைண்டர் அண்ணா கத்தவில்லை, குதிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மெஷின்மேன்தான் முதலில் பேசினார், நேராக அவரிடம்: "ஒரு கிராமம். ஒரே ஒரு கிராமம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தா போதும்." அண்ணா சொன்னார்: "ஆமாம்பா. எங்க ஊர் திரும்பல." பல மாதம் கழித்து அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. அடுத்த நாளே சேர்ந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். அதற்குச் சங்கராந்தி வரை ஆனது.

அதன் பிறகு நடந்தது நாடறிந்தது. 2008-இல் தொகுதி மறுவரையறையில் வருணா என்ற புதுத் தொகுதி உருவானது. அவர் பிறந்த சித்தராமனஹுண்டி அதில்தான். அவர் அங்கே மாறினார். எதிர்க்கட்சித் தலைவரானார். 2010-இல் சுரங்கக் கொள்ளையை எதிர்த்துப் பெங்களூரிலிருந்து பல்லாரி வரை நடந்தார். 2013-இல் முதல்வர், ஐந்தாண்டு முழுதாக ஆண்டார், அர்ஸுக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காதது. அவர் கொண்டுவந்த அன்னபாக்ய திட்டத்தின் அரிசி பைண்டர் அண்ணா வீட்டுக்கும் வந்தது. ஆனால் அந்த வருடங்களில் அவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "இப்ப அவரு வருணாக்காரரு."

2018-இல் சாமுண்டேஸ்வரியில் அவர் ஏன் தோற்றார் என்பதற்கு எழுதப்பட்ட காரணங்கள் ஏராளம். நான் பார்த்த சங்கிலி ஒரு வீட்டுக்குள் தொடங்கியது. வருணாவை அவருக்காகக் கவனித்துவந்தவர் மூத்த மகன் ராகேஷ். 2016 ஜூலை 30-இல் பெல்ஜியத்தில் ஒரு மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். மைசூருக்கு உடல் வந்த நாளில் கட்சி வேறுபாடு இல்லாமல் ஊர் கனத்துப்போனது. மெஷின்மேன்கூட, "பெத்தவனுக்கு இது வரக்கூடாது" என்றார். அடுத்த சில வாரங்களில் உச்ச நீதிமன்றத்தின் காவிரி உத்தரவு. செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தோம். மகனைப் பறிகொடுத்த மனிதர் அந்த நெருப்பையும் சுமக்க வேண்டியிருந்தது. தமிழன் என்ற முறையில் அவர் அரசு இன்னும் முந்திக்கொண்டு காவல் போட்டிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் தொலைக்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்தபோது கோபத்தை முழுதாகப் பிடித்துவைக்க முடியவில்லை.

அண்ணன் இடத்துக்கு மருத்துவரான தம்பி யதீந்திரா வந்தார். 2018-இல் வருணாவை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தந்தை சாமுண்டேஸ்வரிக்குத் திரும்பினார். பிறகு வடக்கே பாதாமியிலும் சேர்த்து மனு போட்டார். பத்து வருடம் விட்டுப் போன வீட்டுக்கு முதலமைச்சராகத் திரும்பி வந்தால், வீட்டில் இருப்பவர்கள் எழுந்து நின்று வரவேற்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஹின்கல், ஹூட்டகள்ளி பக்கமெல்லாம் அதற்குள் புது லேஅவுட்டுகள், புது வாக்காளர்கள். 2006 அவர்களுக்குக் கதை. எதிரே ஜி.டி. தேவகவுடா, ஒரு காலத்தில் அதே கட்சியில் உடன் இருந்தவர், அந்தப் பத்து வருடத்தில் தொகுதியின் கல்யாணம் கருமாதிக்கெல்லாம் போய்வந்தவர். முன்பு சித்தராமையா செய்ததை இப்போது அவர் செய்துகொண்டிருந்தார்.

மே 15 அன்று முடிவு வந்தது. 36,042 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. பாதாமியில் 1,696 வாக்கில் தப்பினார். இந்த முறை பைண்டர் அண்ணாவைக் கேட்டேன், அவர் வாக்கு எங்கே போனது என்று. இருபது வருடத்துக்கும் மேலான பழக்கத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன். "அவருக்குத்தான் போட்டேன். எம்மவன் போடல" என்றார். மகன் ஹெப்பால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன். 2006-இல் அவனுக்கு எட்டு வயது.

அந்தத் தோல்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. 2006-இல் அவரைத் தூக்கி நிறுத்தியது, அவர் பதவி இழந்து தெருவில் நின்றார் என்பது. 2018-இல் பதவியில் இருந்துகொண்டு வந்தார். தள்ளப்பட்டபோதெல்லாம் மக்கள் நடுவே வந்து நின்று பலம் பெற்ற மனிதருக்கு, அதிகாரத்தோடு அதே வாசலில் நிற்பது பொருந்தவில்லை. அதன் பிறகு காங்கிரஸ், ஜனதா தளக் கூட்டணி ஆட்சி அமைந்து, அதுவும் கவிழ்ந்து, எதிர்க்கட்சித் தலைவராக மறுபடி மாநிலம் சுற்றியபோது அவரிடம் பழைய வேகம் திரும்பிவிட்டது. 2023-இல் கோலாரில் நிற்பதாக அறிவித்து, கடைசியில் வருணாவுக்கே வந்தார். எதிரே பா.ஜ.க. பெங்களூரிலிருந்து அமைச்சர் சோமண்ணாவை அனுப்பியது. 46,163 வாக்கில் ஜெயித்து மே 20 அன்று இரண்டாம் முறை முதல்வரானார். அந்தத் தேர்தலுக்கு எங்களிடம் பிட் நோட்டீஸ் ஆர்டர் அதிகம் வரவில்லை. எல்லாம் ஃபிளெக்ஸுக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டது.

2024-இல் மைசூர் நகர வளர்ச்சி ஆணையத்து விவகாரம் வெடித்தது. கேசரேயில் அவர் மனைவி பார்வதிக்குச் சொந்தமாக இருந்த 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக விஜயநகர் பகுதியில் 14 மனைகள் தரப்பட்டன என்பது புகாரின் மையம். நிலத்துக்கான இழப்பீடாகத்தான் வந்தது, தவறு ஏதும் இல்லை என்றார் முதல்வர். ஆகஸ்டில் ஆளுநர் விசாரணைக்கு அனுமதி தந்தார். செப்டம்பர் 24 அன்று உயர் நீதிமன்றம் அதை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் பார்வதி 14 மனைகளையும் திருப்பித் தருவதாகக் கடிதம் எழுதினார். பொது மேடையில் யாரும் பார்த்திராத அந்த அம்மாவின் பெயர் தினமும் செய்தியில் வந்தது ஊருக்கே கஷ்டமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் ஆதாரம் இல்லை என்று லோகாயுக்தா போலீஸ் அறிக்கை கொடுத்தது. பார்வதி மீதான வழக்கில் அமலாக்கத் துறையின் மேல்முறையீட்டை ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உச்ச நீதிமன்றச் செய்தி வந்த வாரம் பைண்டர் அண்ணா ஊரிலிருந்து வந்திருந்தார். வேலையை விட்டு நாளாகிறது. கண் ஆபரேஷனுக்காக மைசூர் வந்தவர் அச்சகத்துக்கு எட்டிப் பார்த்தார். மெஷின்மேன் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். அவரே ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். பேப்பரில் செய்தியை நான் படித்துச் சொன்னேன்.

"சரி, நல்லது" என்றார் அண்ணா. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஆனா மொதல்லயே அந்த மனைங்கள வாங்காம இருந்திருக்கலாம், தம்பி. அன்னிக்கு 257-ல ஒண்ணு என்னோடது. அதனால கேக்கறேன்."

மெஷின்மேன் டீ கிளாஸை வைத்தார். "என்னோடது அதுல இல்ல," என்றார். "இருந்தாலும் நானும் அதையேதான் கேக்கறேன்."